ஒன்றரை சென்ட்

முதலில் காசு கொடுத்துத்தான் கூப்பிட்டேன்.
ஐந்து ரோட்டில் வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் தட்டு,
அதில் கால்கிலோ தினை.
முதல் நாள் அணில்.
இரண்டாம் நாள் அணிலும் அதன் சொந்தபந்தமும்.
மூன்றாம் நாளிலிருந்து மாடப்புறாக்கள்,
ரேஷன் வரிசைபோல் மதில் நீளத்துக்கும்.

பிறகு ஏற்காட்டிலிருந்து
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் மடியில் வைத்துத் தாலாட்டி இறக்கிய டேலியா.
கன்னங்குறிச்சி வெயில்
மூன்றே நாளில் அதைத் தின்று முடித்தது.
வேறு யாரும் வந்து தின்னவில்லை.

அங்கேதான் இடறியது எனக்கு.
ஒரு புழுகூட வாய்வைக்காத தோட்டத்தில்
குருவி வந்து
என்ன செய்யும்?

மாம்பழச்சிட்டு மாம்பழம் தின்னாது.
சேலத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.
நிறத்துக்காக வைத்த பெயர் அது.
வயிற்றுக்கு வேண்டியது புழு.
புழுவுக்கு வேண்டியது
அதன் முப்பாட்டன் புழுவுக்கும் ருசி தெரிந்த இலை.

ஆகவே பிடுங்குவதை நிறுத்தினேன்.
பெரும்பாலும் அவ்வளவுதான் என் தோட்டக்கலை.
மதிலைப் பிடித்து வேலிப்பருத்தி வந்தது.
பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வழியில் கோவை வந்தது.
முடக்கத்தான், குப்பைமேனி, பெயர் தெரியாத இரண்டு.
களாவும் காரையும் மட்டும்
மலையடிவாரத்து ஓடைக்கரையில் விதை பொறுக்கி
டிபன் பாக்ஸில் கொண்டுவந்தேன்.

"பாம்பு வரும் மேடம்"
என்றார் பக்கத்து வீட்டுத் தெய்வசிகாமணி.
வந்தது. ஒரு சாரை.
எலியோடு போனது.

ஆடிப் பண்டிகைக்கு வீடெல்லாம் அடித்துக் கழுவியபோது
பின்சுவர் ஒட்டடையை மட்டும் விட்டுவைத்தேன்.
நாத்தனார் கோமளவல்லி அதைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
காபியைக் குடித்துவிட்டுப் போனாள்.
அந்த வாரமே தேன்சிட்டு ஒன்று
இழை இழையாகச் சுவரைச் சுத்தம் செய்தது.
வேலிப்பருத்திக் காய் வெடித்த பஞ்சை
அத்திக் கன்றின் இலையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தது தையல்சிட்டு.
எண்ணினேன், பதினோரு தையல்.
நடுவில் ஒன்று தப்பு.

தை மாதம் செங்கோடன் அரிவாளோடு வந்தான்.
தெய்வசிகாமணியின் மல்கோவா மரத்தில்
ஏழெட்டு இடத்தில் புல்லுருவி.
"மரத்தையே குடிச்சிடும்" என்றார்.
அதில் பொய் இல்லை.
வாதாட என்னிடம் எதுவும் இல்லை.
என் பக்கம் சாய்ந்த கிளையில் ஒரே ஒரு கொத்தை
விடச் சொல்லிக் கேட்டேன்.
"அந்தக் கிளையில முப்பது காய் காய்க்கும்" என்றார்.
முப்பது மல்கோவாவுக்குப் பணம்.
வருஷா வருஷம்.
செங்கோடன் மரத்திலிருந்தபடியே
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அதற்குத்தான் வருகிறது பூக்கொத்தி.
தீப்பெட்டியில் அடைத்துவிடலாம் போல ஒரு உடம்பு,
அழுக்குத் துணியின் நிறம்.
டிக், டிக் என்று
கரண்ட் போய் வந்த கடிகாரம்போலச் சத்தம்.
பழத்தை விழுங்கும்.
பிசின் விதை பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள
கிளையில் குறுக்காகத் திரும்பி
வெட்கமே இல்லாமல் துடைக்கும்.

மாம்பழச்சிட்டு இன்னும் கண்ணில் படவில்லை.
ஒருமுறை,
தண்ணீர் வருகிற நாளில் குடம் நிரம்பி வழியும்போது
ஒரு நீண்ட விசில் கேட்டது.
அதுவாகவும் இருக்கலாம்.
பால்காரராகவும் இருக்கலாம்.

இன்று காலை
துணி காயப்போடும் நீல நைலானில் ஒரு விதை.
ஒட்டிய இடத்திலேயே முளைத்து
கடுகளவு பச்சை நாக்கை வளைத்து
பட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறது.
நைலானில் என்ன சுரக்கும்?
பத்து நாள் தாங்கினால் அதிகம்.
ஆனால் பறவையை மட்டும் குறை சொல்ல முடியாது.
கொடி, கொடி என்றுதானே
நாங்களும் இதை
இத்தனை வருஷமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஈரப் போர்வையை
மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.